செக்யூரிட்டி வேலையில் மேலே வர முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோனில் இரவு கார்டாக நின்று தொடங்கியவன் நான். ஹெட் கார்டு, சூப்பர்வைசர், ஃபீல்டு ஆபீசர் என்று ஒவ்வொரு படியிலும் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் யாரும் வாயைத் திறப்பதில்லை. முடிந்து டீ குடிக்கப் போகும்போதுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றையும் போனில் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

வேறு வேலை கிடைக்காதவர்கள் செய்கிற வேலைதானே இது? இதில் என்ன முன்னேற்றம்?

பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள், மறுப்பதற்கில்லை. மில் மூடிவிட்டது, கடை நொடித்துவிட்டது, ஊரில் மழை இல்லை, பென்ஷன் போதவில்லை. வந்த காரணம் எதுவாகவும் இருக்கட்டும், வந்த பிறகு ஆட்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒருவர் பத்து வருடம் கழித்தும் அதே கேட், அதே பிளாஸ்டிக் நாற்காலி. இன்னொருவர் ஆறே மாதத்தில் அந்த சைட்டில் எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, மெயின் சுவிட்ச் எங்கே, எந்த லாரி எந்தக் கிழமை வரும் என்று மனப்பாடமாகச் சொல்வார். மேலே போவது இரண்டாமவர்.

படிகள் இப்படி இருக்கும். சைட்டில் கார்டு, ஹெட் கார்டு, சூப்பர்வைசர், அசிஸ்டென்ட் செக்யூரிட்டி ஆபீசர், செக்யூரிட்டி ஆபீசர், மேனேஜர். ஏஜென்சி அலுவலகத்தில் ஃபீல்டு ஆபீசர், ஏரியா ஆபீசர், ஆபரேஷன்ஸ் மேனேஜர். சூப்பர்வைசர் வரைக்கும் உடம்பும் நேரந்தவறாமையும் கொண்டுபோய் விட்டுவிடும். அதற்கு மேலே ஏற்றுவது எழுத்து. கேட்டில் லத்தியைவிட பேனாவுக்குத்தான் மதிப்பு என்று நான் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

சேர என்ன தகுதி வேண்டும்?

தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005இல் வந்தது. தொழிலில் எல்லாரும் ‘பசாரா’ என்பார்கள். அதன்படி இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், வயது 18 முடிந்து 65 ஆகாமல் இருக்க வேண்டும், நடத்தை பற்றி போலீஸ் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும், பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

உடல் தகுதியை விதிகள் சொல்கின்றன. ஆண்களுக்கு உயரம் 160 செ.மீ., பெண்களுக்கு 150. ஆண்களுக்கு மார்பளவு 80 செ.மீ., மூச்சை இழுத்தால் 4 செ.மீ. விரிய வேண்டும். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். நிறக்குருடு இருக்கக் கூடாது. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் போதும். வருடத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை உண்டு.

ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் படிக்கத் தெரிய வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. அடையாள அட்டை, வண்டி நம்பர், கருவிகளின் திரை எல்லாம் அதில்தானே வருகின்றன. ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஐ.டி. பூங்கா கேட்கும், அது வேறு கதை.

பயிற்சி இருபது நாள் என்கிறார்கள். என்னை ஒரே நாளில் யூனிஃபார்ம் கொடுத்து நிறுத்திவிட்டார்களே?

விதிப்படி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி, குறைந்தது 20 வேலை நாட்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் சுருக்கம்: 40 மணி வகுப்பு, 16 மணி களம், ஏழு நாட்கள். தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாள ஆவணங்களைச் சரிபார்ப்பது, வெடிபொருளை அடையாளம் காண்பது, எஃப்.ஐ.ஆர். பதிவாகும் முறை, போலீஸ், ராணுவப் பதவிச் சின்னங்கள் எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு.

நடைமுறையில் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஆளை மாலையில் கேட்டில் நிறுத்துகிற ஏஜென்சிகள் இருக்கின்றன. சைட்டில் ஆள் குறைந்தால் கிளையன்ட் (ஏஜென்சியிடம் ஆள் எடுக்கிற நிறுவனம்) பில்லில் பிடித்துக்கொள்வார், அந்த அவசரம். உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் வேலையை விட வேண்டாம், பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தால் அடுத்த ஏஜென்சியில் பேரம் பேசலாம். அது இல்லாமல் எட்டு வருட அனுபவம் என்று சொன்னாலும் புது ஆள் சம்பளம்தான் தருவார்கள்.

யூனிஃபார்ம் போலீஸ் மாதிரி இருந்தால் கெத்தாக இருக்குமே?

இருக்கும். ராணுவம், போலீஸ் சீருடையையோ அதுபோலத் தோன்றும் உடையையோ போட்டால் அணிந்தவருக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விதிப்படியான உடையில் ஏஜென்சியின் கை பேட்ஜ், பதவியைக் காட்டும் தோள் அல்லது மார்பு பேட்ஜ், கயிற்றோடு விசில் (இடது பையில் இருக்க வேண்டும் என்று பை வரைக்கும் எழுதியிருக்கிறார்கள்), லேஸ் கட்டும் ஷூ, தொப்பி ஆகியவை உண்டு. போட்டோ அடையாள அட்டை இடுப்புக்கு மேலே, முன்பக்கம், வெளியே தெரிய வேண்டும். சட்டைக்குள் போட்டுக்கொள்வது அட்டை இல்லாததற்குச் சமம். இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது, யார் கண்ணிலும் படாத ஒரு வரி: ஒவ்வொரு கார்டும் ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் வைத்திருக்க வேண்டும். லத்தி வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பட்டியலில் இல்லை.

ரெஜிஸ்டர் எழுதுவதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள்?

எனக்கு அப்போது 26 வயது. முதலில் சொன்ன குடோன்தான், அட்டைப்பெட்டி குடோன். மணிக்கு ஒரு தடவை சுற்றிவந்து, நேரம் போட்டு, ‘ஆல் ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மார்கழி மாதம், எலும்புக்குள் இறங்குகிற குளிர். ஒன்றரை மணிக்கே 2, 3, 4, 5 எல்லாவற்றுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாடி பாத்ரூமில் பைப் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. தண்ணீர் படிக்கட்டில் இறங்கி, கீழ் வரிசைப் பெட்டிகளை அடியிலிருந்து உறிஞ்ச வைத்துவிட்டது. ஆறேகாலுக்கு குடோன் இன்சார்ஜ் வந்தார். ஈரப் பெட்டி ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கினார், விரல் உள்ளே போனது. ஒன்றும் பேசாமல் வந்து ரெஜிஸ்டரைப் பிரித்தார்.

“மூணு மணிக்கு ஆல் ஓகே. நாலு மணிக்கு ஆல் ஓகே. அஞ்சு மணிக்கும் ஆல் ஓகே. ஏம்ப்பா, தண்ணிக்கும் ஓகேவா?”

நான்கு கையெழுத்தும் ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை என்று குழந்தைகூடச் சொல்லும். அன்று மாலையே அந்த சைட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பைப் உடைந்தது என் தப்பு இல்லை. தூங்கியதைக்கூட மன்னித்திருப்பார்கள், இந்தத் தொழிலில் தூங்காதவர் யார். பொய்யை முன்கூட்டியே எழுதி வைத்ததற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் எழுதிய மாதிரி ஒன்று: ‘இரவு 2.10. பின்பக்க ஷட்டர் 1, 2, 3 பூட்டு சரி. ஜெனரேட்டர் அறைப் பக்கத்து விளக்கு எரியவில்லை. 2.20க்கு எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன், காலை 8 மணிக்கு வருவதாகச் சொன்னார்.’ நாலு வரிதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு ஆள் நின்று பார்த்திருக்கிறான் என்பது படிக்கிறவருக்குத் தெரியும். அடுத்த சைட்டில் இப்படி எழுதுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு செக்யூரிட்டி ஆபீசர் என்னை ஹெட் கார்டு ஆக்கினார். வேறு எந்தத் திறமையும் அப்போது என்னிடம் இல்லை.

கூடவே சில பழக்கங்கள். நடந்த பிறகு எழுதுங்கள், முன்னால் வேண்டாம். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. ஒயிட்னர் தொடவே கூடாது. வண்டி நம்பரைக் கடைசி நாலு எண்ணோடு நிறுத்தாதீர்கள், டி.என். 21இல் தொடங்கி முழுசாக எழுதுங்கள். நீங்கள் பார்த்ததைப் பார்த்ததாகவும், இன்னொருவர் சொன்னதை அவர் சொன்னதாகவும் எழுதுங்கள். ‘டிரைவர் குடித்திருந்தார்’ என்று எழுதினால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ‘டிரைவரிடம் மது வாடை வந்தது, நடை தள்ளாடியது, 9.40க்கு ஷிப்ட் இன்சார்ஜிடம் சொன்னேன்’ என்று எழுதினால் யாரும் உங்களைக் கேட்க முடியாது.

ஷிப்ட் மாறும்போது பொறுப்பைக் கைமாற்றுகிற ஹேண்டோவரும் இதில் சேர்ந்ததுதான். சாவிக் கொத்தை எண்ணாமல் வாங்கிக் கையெழுத்துப் போட்டால், முந்தின ஷிப்டில் தொலைந்த சாவிக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

சம்பளம் உண்மையில் எவ்வளவு கைக்கு வரும்?

போஸ்டரில் போடுகிற தொகையை நம்பாதீர்கள். மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் ‘தங்குமிடம், உணவு இலவசம்’ நோட்டீஸில் இருப்பது பெரும்பாலும் 12 மணி நேர டியூட்டி, வார லீவு இல்லாமல் 30 நாள் கணக்கு. சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணி நேரம், மாதத்துக்கு எத்தனை நாள், பிடித்தம் என்னென்ன.

பிடித்தக் கணக்கு எளிது. பி.எஃப். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம். அதே அளவு முதலாளியும் போட வேண்டும். இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு: உங்களிடமிருந்து 0.75 சதவீதம், முதலாளியிடமிருந்து 3.25. மொத்தச் சம்பளம் 16,000, அதில் அடிப்படை 12,000 என்றால் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 120. இதற்கு மேல் ‘யூனிஃபார்ம்’, ‘ரூம்’, ‘இதர’ என்று போனால் இதர என்றால் என்ன என்று கேளுங்கள்.

பிடிக்கிறார்கள் சரி, கட்டுகிறார்களா? அதையும் நீங்களே பார்க்கலாம். யு.ஏ.என். நம்பரை (பி.எஃப்.இல் ஒருவருக்கு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டிய எண்) வாங்கி, மத்திய அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏஜென்சி மாறும்போது புது யு.ஏ.என். போட விடாதீர்கள், பழையதையே கொடுங்கள். எங்கள் வகுப்புக்கு வந்த ஒருவரிடம் நாலு பி.எஃப். கணக்கு இருந்தது, நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் பணம், அதைச் சேர்க்க அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்தவன் நான். இ.எஸ்.ஐ. அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட வேண்டாம். அது குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். உடம்பு முடியாமல் படுத்தால், தகுதி இருக்கிறவருக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

ஏஜென்சி சம்பளம் தராமல் இழுத்தடித்தால், எந்த நிறுவனத்தின் கேட்டில் நின்றீர்களோ அந்த நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. ஒப்பந்தக்காரர் தராததை முதன்மை முதலாளி தந்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். இதைத் தெரிந்தவர் கேட்டால் பணம் சீக்கிரம் வருகிறது.

டபுள் டியூட்டி பார்த்தால் சீக்கிரம் சம்பாதிக்கலாம் அல்லவா?

கடனை அடைக்க ஒரு மாதம், இரண்டு மாதம் சரி. அடுத்த ஷிப்டுக்கு மாற்ற வேண்டிய ரிலீவர் வரவில்லை என்றால் 24 மணி நேரம் நிற்க வேண்டி வருவதும் உண்டு. அதைப் பழக்கமாக்கினால் கால் நரம்பு சுருண்டு, சர்க்கரை ஏறி, நாற்பது வயதில் மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் நிற்பீர்கள். மேலே படிக்கவும் நேரம் இருக்காது.

நிற்பது பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். துணிக்கடைப் பெண்களை மனதில் வைத்து வந்த திருத்தம். கடை வாசலில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்க அதைச் சொல்லலாம்.

சூப்பர்வைசர் ஆக எத்தனை வருடம்?

வருடக் கணக்கு எதுவும் கிடையாது. 15 கார்டுகளுக்கு ஒரு சூப்பர்வைசர் என்பது விதி. ஆட்கள் பல இடங்களில் பிரிந்து நின்றால் ஆறு பேருக்கு ஒருவர். ராணுவம், போலீஸில் மூன்று வருடமாவது இருந்தவர்களுக்கு முன்னுரிமை. மற்றவர்கள் அவர்களோடு போட்டியிட்டு வர வேண்டும், வருகிறார்கள்.

டியூட்டி சார்ட் போடத் தெரிய வேண்டும், அதிலும் தீபாவளிக்கு எல்லாரும் லீவு கேட்கும் வாரத்தின் சார்ட். ஒரு சம்பவத்தை அரைப் பக்கத்தில் எழுதத் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் கிளையன்ட்டுக்கு நாலு வரி ஆங்கிலம், எக்செல்லில் வருகைப் பதிவு. அப்புறம் இந்தி. ஒரகடம், ஓ.எம்.ஆர். பக்கம் இன்று நிற்கிற கார்டுகளில் ஒடிசா, பீகார், அசாம் பையன்கள் ஏராளம். அவர்களிடம் வேலை வாங்கத் தெரிந்த தமிழ் சூப்பர்வைசருக்குக் கிராக்கி இருக்கிறது.

திருடனைப் பிடித்தால் அடிக்கலாமா? ரூமில் பூட்டி வைக்கலாமா?

இரண்டும் கூடாது. கார்டு என்பவர் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமகன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 40ஆம் பிரிவு தனிநபர் கைது பற்றியது. கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால், அல்லது அவர் நீதிமன்றம் அறிவித்த தேடப்படும் குற்றவாளியாக இருந்தால் மட்டும் பிடித்து வைக்கலாம். தேவையில்லாமல் தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டைப் புதிய சட்டம் பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றமாக வைத்திருக்கிறது. கட்டடத்துக்குள் நடந்த திருட்டுக்கு வேறு பிரிவு வரலாம். 800 ரூபாய்ச் சட்டையை மறைத்தவர் எந்தப் பிரிவில் வருவார் என்று கேட்டில் நின்று தீர்ப்புச் சொல்ல உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. அதனால் செய்ய வேண்டியது இதுதான்: மேலாளரைக் கூப்பிடுங்கள், கேமராப் பதிவு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 100 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள், நேரத்தை எழுதுங்கள். அவர் ஓடினால் ஓடட்டும். சட்டை போனால் 800 ரூபாய். நீங்கள் அடித்த வீடியோ வெளியே வந்தால், கேஸ் உங்கள் மேல். அடைத்து வைத்ததற்கு இன்னொரு கேஸ். கிளையன்ட் அன்றே உங்களைத் தெரியாது என்பார்.

உங்களையோ இன்னொருவரையோ தாக்க வருகிறவரைத் தடுக்கும் தற்காப்பு உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆபத்து விலகிய பிறகு போடுகிற அடி தற்காப்பில் வராது.

பெண்கள் வரலாமா?

தாராளமாக. இன்று தேவை அதிகம், ஆள் குறைவு. பெண்ணைச் சோதனை செய்யப் பெண்தான் வேண்டும் என்பதால் மால், ஐ.டி. பூங்கா, தொழிற்சாலை, மருத்துவமனை எல்லாவற்றிலும் போஸ்ட் காலியாகவே இருக்கிறது. ஆனால் பெண் கார்டை உடல் சோதனை செய்கிற ஃபிரிஸ்கிங் தடுப்புக்குப் பின்னாலேயே பத்து வருடம் நிற்க வைத்துவிடுகிறார்கள். அதிலிருந்து வெளியே வர, கண்ட்ரோல் ரூம் அல்லது வரவேற்பு மேஜைக்கு மாற்றிக் கேளுங்கள். கேட்காமல் தர மாட்டார்கள். சேரும் முன் பார்க்க வேண்டியது ஒன்று: அந்த சைட்டில் பெண் கார்டுகளுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது? ‘பக்கத்து பங்க்ல போயிக்கலாம்மா’ என்று பதில் வந்தால் அந்த சைட் வேண்டாம்.

ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கு?

தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது டெக்ஸ்கோ. 1986இல் தொடங்கிய மாநில அரசு நிறுவனம். முன்னாள் படைவீரர்களை அரசுத் துறைகளுக்கும் நிறுவனங்களுக்கும் பாதுகாப்புப் பணிக்கு அனுப்புகிறது. டில்லியில் உள்ள மறுவாழ்வு இயக்குநரகம் முன்னாள் படைவீரர்கள் நடத்தும் ஏஜென்சிகளைப் பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பரிந்துரைக்கிறது. சொந்தத் துப்பாக்கி உரிமம் இருந்தால் கன்மேன் வேலைக்கு நல்ல சம்பளம்.

ஹவில்தாராக இருந்தவர்களிடம் பணிவாக ஒன்று சொல்வேன், ஐயா: இங்கே ஆர்டர் போட்டால் ஆள் மறுநாள் வர மாட்டான். கேட்டு வாங்குவதற்குக் கொஞ்ச நாள் பழக வேண்டும்.

எந்த சைட் நல்லது?

ஓய்வு வேண்டுமானால் அடுக்ககம், ஆனால் தண்ணீர் மோட்டார் போடுவது முதல் மாமியின் பால் பாக்கெட் வரை உங்கள் தலையில் விழும், கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. கற்றுக்கொள்ள வேண்டுமானால் தொழிற்சாலை. சரக்கு உள்ளே வருகிற இன்வர்ட், வெளியே போகிற அவுட்வர்ட், கேட் பாஸ், எடைமேடை, தீயணைப்புப் பயிற்சி என்று ஒரு வருடத்தில் முழுத் தொழிலும் கண்ணில் பட்டுவிடும். ஆன்லைன் கம்பெனிகளின் குடோன்களும் பெரிய சில்லறைக் கடைகளும் ‘லாஸ் பிரிவென்ஷன்’ என்று தனிப் பிரிவே வைத்திருக்கின்றன. சரக்கு எங்கே, எப்படிக் குறைகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. கணக்கு வருகிறவருக்கு அங்கே எதிர்காலம் உண்டு.

கேஷ் வேன் பற்றிக் கேட்கிறார்கள். 2018இல் வந்த விதிகளின்படி ஒரு வண்டியில் டிரைவர், ஆயுதம் ஏந்திய இரண்டு கார்டுகள், பணத்துக்குப் பொறுப்பான இரண்டு கஸ்டோடியன்கள் இருக்க வேண்டும். ஒரு பயணத்தில் 5 கோடிக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது. நகரத்தில் இரவு 9 மணிக்குப் பிறகும் கிராமத்தில் மாலை 6 மணிக்குப் பிறகும் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக் கூடாது. வேலையில் விறுவிறுப்பு உண்டு, ஆபத்தும் உண்டு. வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சி.சி.டி.வி. வந்துவிட்டதே, கார்டு வேலை போய்விடாதா?

சில போஸ்ட் போய்விட்டது. ஏ.டி.எம். வாசலில் நின்ற எத்தனையோ கார்டுகள் இப்போது இல்லை. ஆனால் கேமராவைப் பார்க்கவும் ஆள் வேண்டும், அலாரம் அடித்தால் ஓடவும் ஆள் வேண்டும். கார்டாக இருக்கும்போதே கண்ட்ரோல் ரூமில் டீ வாங்கிக் கொடுத்தாவது கற்றுக்கொள்ளுங்கள். கேமராப் பதிவைச் சேமிக்கும் என்.வி.ஆர். பெட்டியில் பழைய பதிவை எடுப்பது, பென் டிரைவில் ஏற்றுவது, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கணக்குப் போடுவது, கதவு திறக்கிற அக்சஸ் கார்டை முடக்குவது.

கற்றவுடன் முதலில் பார்க்க வேண்டியது திரையின் மூலையில் ஓடும் கடிகாரம். பல இடங்களில் அது உண்மை நேரத்தைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி ஓடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சம்பவம் நடந்து போலீஸ் பதிவைக் கேட்கும்போது உங்கள் ரெஜிஸ்டரில் 11.05 என்றும் கேமராவில் 10.48 என்றும் இருந்தால் விசாரணை முழுக்க அந்த 17 நிமிடத்தில் சிக்கிக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவை போனோடு ஒத்துப்பார்த்து, வித்தியாசத்தை எழுதி வையுங்கள். பதிவை நீதிமன்றத்துக்குக் கொடுக்கும்போது அதற்கென்று ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற ஒரு எண்) குறிப்பிட வேண்டும் என்று புதிய சாட்சியச் சட்டம் சொல்கிறது. இதைச் செய்யத் தெரிந்தவரை நிறுவனம் எளிதில் விடாது.

துபாய் போகலாமா?

போகலாம், நிறையப் பேர் நன்றாக இருக்கிறார்கள். துபாயில் இந்தத் துறையை 2016 முதல் ‘சிரா’ என்ற அரசு அமைப்பு கட்டுப்படுத்துகிறது. அதன் பயிற்சியும் தேர்வும் முடித்து அட்டை வாங்கினால்தான் டியூட்டியில் நிற்க முடியும். ஆங்கிலம் இல்லாமல் தேறுவது கஷ்டம்.

ஏஜெண்ட் விஷயத்தில் கவனம். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்றால் அவர் வேலை வாங்கித் தருகிறவர் அல்ல, விற்கிறவர். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் பேச்சே வேண்டாம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு வளைகுடா போக எமிகிரேஷன் அனுமதி வேண்டும். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

விமான நிலையத்தில் வேலை என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பெரும்பாலான விமான நிலையங்களின் பாதுகாப்பு மத்திய அரசுப் படையான சி.ஐ.எஸ்.எஃப். கையில் இருக்கிறது, அதற்கு அரசுத் தேர்வு எழுத வேண்டும். விமான நிறுவனங்களும் சரக்குப் பிரிவுகளும் தனியாக ஆள் எடுக்கின்றன, அவர்களுக்கு விமானப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான பி.சி.ஏ.எஸ். அங்கீகரித்த ‘ஆவ்செக்’ (விமானப் பாதுகாப்பு) பயிற்சி வேண்டும். எதிலும் டீக்கடையில் வைத்துப் பணம் கைமாறாது.

பட்டதாரி நான். நேராக ஆபீசர் ஆக முடியுமா?

பெரிய ஏஜென்சிகள் ட்ரெய்னியாக எடுக்கின்றன. ஆறு மாதமாவது இரவு ஷிப்ட் நின்றுவிட்டுப் போங்கள். நின்று பார்க்காத ஆபீசரைக் கார்டுகள் ஒரே ரவுண்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமோ செக்யூரிட்டியோடு சேர்ந்தால் தொழிற்சாலைகளில் நல்ல இடம் கிடைக்கும். மேனேஜர் நிலையில் ஏசிஸ் இண்டர்நேஷனல் என்ற அமைப்பு தரும் சி.பி.பி. சான்றிதழை உலகம் முழுக்க மதிக்கிறார்கள். அதற்குப் பல வருட அனுபவம் வேண்டும், கட்டணமும் தேர்வும் ஆங்கிலமும் கனம்தான். முப்பது வயதுக்கு முன் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

‘செக்யூரிட்டி’ என்று தேடி சைபர் செக்யூரிட்டி வகுப்பில் பணம் கட்டியவர்களும் உண்டு. அது கணினித் தொழில், வேறு தெரு.

சொந்தமாக ஏஜென்சி தொடங்க?

பசாரா உரிமம் வேண்டும். ஒரு மாவட்டத்துக்குக் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000. ஐந்து வருடம் செல்லும். உரிமம் இல்லாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 25,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தச் செலவு ஒரு பொருட்டே அல்ல. கழுத்தைப் பிடிப்பது நடைமுறை மூலதனம். 25 கார்டுகள், ஆளுக்கு 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்: மாதம் நாலரை லட்சம். கிளையன்ட் பில்லை 60 நாள் கழித்துத் தருவார். கார்டுக்கு ஏழாம் தேதி சம்பளம் தர வேண்டும், 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். ஆக முதல் ரூபாய் உள்ளே வருவதற்குள் ஒன்பது லட்சத்துக்கு மேல் வெளியே போயிருக்கும். வட்டிக்கு வாங்கிச் சமாளிக்கிறவர்கள்தான் பிறகு பி.எஃப்.இல் கை வைக்கிறார்கள். சிறு உரிமையாளர்கள் ஜி.எஸ்.டி. பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள்: கம்பெனியாகப் பதியாத ஏஜென்சி, ஜி.எஸ்.டி. பதிவுள்ள கிளையன்ட்டுக்கு ஆள் அனுப்பினால் வரியைக் கிளையன்ட்டே கட்டும் முறை 2019 ஜனவரியிலிருந்து இருக்கிறது. தெரியாமல் பில் போட்டுத் திரும்பத் திருத்தியவர்கள் பலர்.

நாளைக்கு முதல் டியூட்டி. என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

அரை மணி முன்னால் போங்கள், வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். தண்ணீர் பாட்டில், டார்ச், அதற்கு உபரி பேட்டரி, கொசுவத்தி, இரவானால் ஒரு துண்டு. அடையாள அட்டை சட்டைக்கு வெளியே, விசில் இடது பையில். சைட் இன்சார்ஜ், பக்கத்து போலீஸ் ஸ்டேஷன், தீயணைப்பு நிலையம், சூப்பர்வைசர் நம்பர்களைப் போனில் மட்டும் வைக்காமல் சின்ன நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். சார்ஜ் போவது எப்போதும் ராத்திரி மூன்று மணிக்குத்தான். பேனா இரண்டு. ஒன்றைக் கட்டாயம் லாரி டிரைவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.